கிழக்கு நோக்கிய சன்னதி

ஒரு பிரயாணத்தில் குறை இருந்தால் அதை நாலு பேரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம். குறை ஒன்றும் இல்லாமல் முடிந்துபோன பிரயாணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் வரை சென்று, பார்க்கத் தகுந்தவை என்று யாராலோ எப்போதோ தீர்மானிக்கப்பட்டவற்றையெல்லாம் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிற சுற்றுலாப் பேருந்து ஒன்றில், திருவல்லிக்கேணிவாசியாகிய நான், ஹைதராபாத்திலிருந்தும் இந்தூரிலிருந்தும் வந்திருந்த குடும்பங்களுக்கு நடுவே ஒரு ஜன்னலோர ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு போய் வந்தேன். பேருந்து சொன்ன நேரத்தில் கிளம்பிற்று. சொன்ன நேரத்தில் திரும்பிற்று. வழிகாட்டியாக வந்த இளைஞர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமாக, ஒரு பாஷையில் சொன்னதை மற்றொன்றில் குறைக்காமல், சலிப்பின் சாயை கூட முகத்தில் படியாமல் சொல்லிக்கொண்டு வந்தார். மத்தியானச் சாப்பாட்டில் ரசம் ரசமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தபோது, எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது என்ற பரிபூரண திருப்தி என்னிடம் இருந்தது. அந்தத் திருப்திதான் மறுநாள் முதல் என்னை உறுத்த ஆரம்பித்தது. நான் எதையும் தேடவில்லை. எங்கும் வழி தவறவில்லை. எந்த இடத்தில் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எதைப் பார்த்து வியப்பது என்ற கேள்விகளுள் ஒன்றுகூட என் பங்குக்கு வரவில்லை. அப்படி வராமற்போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்பது மட்டுமன்று, அது பெரிய ஆறுதலாக இருந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடலைப் பார்ப்பதற்குத் திருவல்லிக்கேணிக்காரன் ஒருவன் பணம் கட்டிச் சீட்டு வாங்குவதில் உள்ள ஹாஸ்யத்தை என் அகத்துக்காரியே முதலில் எடுத்துச் சொன்னாள். வாஸ்தவந்தான். ஆனால் எங்கள் பேட்டைக்குக் கடல் என்பது பார்க்கிற வஸ்துவாக ஒருநாளும் இருந்ததில்லை. அது பிற்பகலில் தெருவின் கிழக்கு முனையிலிருந்து புறப்பட்டு, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் புடவைகளை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு, ரேழி வழியாக உள்ளே வந்து கூடத்தில் படுத்திருப்பவரின் கழுத்து வியர்வையை ஆற்றுகிற காற்று. ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் ஒட்டுகிற துரு. டப்பாவை இறுக மூடியும் நமுத்துப்போகிற அப்பளம். மாசி மகத்தன்று பார்த்தசாரதி ஸ்வாமி தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது பின்னால் போனால், மற்ற நாட்களில் காற்று வாங்கவும் சுண்டல் தின்னவும் மட்டுமே போகிற மணலுக்கு அன்றைக்கு மாத்திரம் ஒரு வேறுபட்ட கௌரவம் உண்டாவதைக் காணலாம். கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் இந்தக் கரைக்கு மெரினா என்று பெயரிட்டு உலாவும் சாலை ஒன்றை அமைத்தபோதே, கடல் என்பது உலாவுகிறவர்களுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டிய ஒரு சௌகரியம் என்ற ஏற்பாடு இங்கே ஆகிவிட்டது என்று தோன்றுகிறது. வாலாஜா சாலையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் அலுவலகத்துக்கு முன்னால், விடியற்காலையில் ஸ்வெட்டர் அணிந்த குழந்தைகளோடு பேருந்துக்காகக் காத்து நிற்கும் வடநாட்டாரைப் பால் வாங்கப் போகும் வழியில் வெகுகாலமாகப் பார்த்துவந்திருக்கிறேன். பக்கத்திலேயே கடலை வைத்துக்கொண்டு இவர்கள் எங்கே கடலைத் தேடிப் போகிறார்கள் என்று நினைத்ததுண்டு. அவர்களோடு சேர்ந்து நானும் போனதற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம்.

பேருந்து அடையாற்றைத் தாண்டித் திருவான்மியூரை நெருங்கியபோது, கடல் இடது பக்கம் வரும் என்று வழிகாட்டி அறிவித்தார். உடனே பேருந்துக்குள் ஒரு சிறிய இடப்பெயர்ச்சி நிகழ்ந்தது. வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தைகளை இடது பக்கத்தாரின் மடிக்கு மாற்றினார்கள். இந்தூர்க்காரர் ஒருவர் கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நெடுநேரம் இடது பக்கம் வந்தவை மதிற்சுவர்கள். கொட்டிவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி என்று ஊர்ப் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தனவே தவிர, சுவர் மாறவில்லை: உயரமான சுவர், அதற்கு மேல் கண்ணாடிச் சில்லு அல்லது முள்கம்பி, அதற்கும் மேல் காகிதப்பூ, நடுவில் காவற்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இரும்புக் கதவு, சுவர் முடிகிற இடத்தில் சவுக்குத் தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் கல்யாண மண்டபம். கடற்கரைச் சாலை என்று உலகமெல்லாம் சொல்லப்படுகிற ஒரு சாலையில், கடல் இருப்பதை அதன் வாசனையால் அனுமானம் செய்துகொண்டு போக வேண்டியிருந்தது. பேருந்து குளிர்சாதனம் செய்யப்பட்டதாகையால் அந்த வாசனைக்கும் வழியில்லை. முட்டுக்காட்டுப் பாலத்தின் மேல் ஏறியபோதுதான், ஒரு பக்கம் படகுகள் மிதக்கும் உப்பங்கழியும் மறுபக்கம் அது கடலோடு கலக்கிற முகத்துவாரமும், திரை விலக்கினாற்போல் திடீரென்று வெளிப்பட்டன. எல்லோரும் ஆவென்று வாய் திறந்தார்கள். திறந்த வாய் மூடுவதற்குள் பாலம் முடிந்து மறுபடியும் சுவர் வந்துவிட்டது. 1984இல் ஏற்பட்ட படகுத் துறையைப் பற்றி வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்தூர்க்காரர் தாம் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் துல்லியமாக விழுந்திருந்தது.

நின்ற இடங்கள் நல்ல இடங்களே. ஓவியர் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் மணற்காட்டில் குடியேறி உண்டாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையோ, 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி நாட்டப்பட்டிருக்கும் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களையோ, 1976 முதல் வடநெம்மேலியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் முதலைகளையோ நான் குறை சொல்ல மாட்டேன். என் மனத்தில் ஒட்டிக்கொண்டவை இவற்றுக்கு நடுவே நிற்காமல் கடந்த இடங்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று சாலையோரத்திலேயே இருக்கிறது, 2013இல் ஆரம்பிக்கப்பட்டது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் சக்தி உள்ளது, தென்சென்னையின் குழாய்களில் அந்த நீரும் வருகிறது. அந்தக் கடற்கரையில் சமுத்திரத்தோடு நமக்கு உள்ள அத்யந்த சம்பந்தம், நம் தொண்டைக்குள்ளேயே இறங்குகிற சம்பந்தம், அந்த இடத்தில்தான் இருக்கிறது. வழிகாட்டி அப்போது மதிய உணவில் சைவம் எத்தனை, அசைவம் எத்தனை என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அதற்குச் சற்று முன்போ பின்போ திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலும் கடந்துபோயிற்று. கல்யாணம் தட்டிப்போகிறவர்கள் மாலை வாங்கிக்கொண்டு பிரதட்சிணம் வருகிற கோயில். முன் ஆசனத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி மட்டும் ஓடுகிற வண்டியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இவ்வாறு காட்டுகிறவர்கள் காட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டு போவது நவீன காலத்தின் நோய் என்று சொல்லுகிற ஒரு கூட்டம் உண்டு. அவர்களோடு சேர்ந்துகொள்ள எனக்குச் சம்மதம் இல்லை. கூட்டமாக, குறித்த வரிசையில், ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, பார்த்தாக வேண்டியவற்றின் ஜாபிதா ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு யாத்திரை செய்வது இந்தத் தேசத்துக்குப் புதிதா? வைஷ்ணவர்களுக்கு நூற்றெட்டுத் திருப்பதி என்பது ஒரு ஜாபிதா அல்லாமல் வேறென்ன? திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தை எடுத்து, பாசுரங்களின் பக்தி ரசத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஊர்களின் வரிசையை மட்டும் பார்த்தால், திருவேங்கடத்திலிருந்து திருவெவ்வுளாகிய திருவள்ளூர், அங்கிருந்து எங்கள் திருவல்லிக்கேணி, பிறகு திருநீர்மலை, கடல்மல்லையாகிய மாமல்லபுரம், திருவிடந்தை, காஞ்சி, கடைசியில் திருக்கோவலூர் என்று போகிறது. சென்னையில் எந்தச் சுற்றுலா நிலையத்திலும் இன்றைக்கும் அச்சிட்டுக் கொடுக்கத்தக்க கிரமம். ஆனால் அதிலே இரண்டு விஷயங்களை நான் பேருந்திலிருந்து இறங்கிய பிறகுதான் யோசித்தேன். கடல்மல்லைக்கு மட்டும் அவர் ஒன்றுக்கு இரண்டாகத் திருமொழிகள் பாடியிருக்கிறார். ஒன்றோடு எழுந்துபோக மனம் வரவில்லை போலும். இரண்டாவது, கடல்மல்லைக்கு வடக்கே இருக்கும் திருவிடந்தை அவர் வரிசையில் கடல்மல்லைக்குப் பிறகு வருகிறது. போகிற வழியில் விட்டுவிட்டு, திரும்பி வந்து நின்றாரா? அல்லது பாடல்களைக் கோத்தவர்களின் வேலையா அது? தெரியவில்லை. திரும்பி வந்தவராகவே நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஏனெனில் அந்த ஊரில் அவர் பேசுவது தம் குரலில் அன்று, பெருமாளிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்ட ஒரு பெண்ணின் தாயாருடைய குரலில். கேள்வி கேட்கும் குரல் அது. அரைமணி நேரம் அவகாசம் கொடுத்து இறக்கிவிடப்பட்ட எவனுக்கும் இன்னொருவருடைய குரலில் பேச வருமா என்பது சந்தேகம்.

மாமல்லபுரத்தில் பெரிய சிற்பத் தொகுதிக்கு முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தொண்ணூறு அடிக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாறையில், இயற்கையாக உண்டான பிளவை நடுவாக வைத்து, தேவர்களும் கின்னரர்களும் வேடர்களும் யானைகளும் அதை நோக்கி விரைந்து வருவதாகச் செதுக்கியிருக்கிறார்களே, அதில் ஒற்றைக் காலில் நின்று தபசு செய்கிறவன் அர்ஜுனனா, பகீரதனா என்பது பண்டிதர்களுக்குள்ளே இன்றுவரை முடியாத வழக்கு. வழிகாட்டி அந்த வழக்கை ஒரே வாக்கியத்தில் சமாதானம் செய்துவைத்தார்: "ரெண்டு விதமாவும் சொல்லுவாங்க, உங்களுக்கு எது பிடிக்குதோ அதை வெச்சுக்கலாம்." கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் அதைச் சிரிக்கத்தக்கதாக நினைக்கவில்லை. பல்லவர்களே இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள் என்று சொல்லுகிற ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். பிறகு, தபசு செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகளையும் காட்டினார். அதைக் காட்டும்போது அவர் முகத்தில் அன்றைய தினத்தில் முதன்முறையாக ஓர் உண்மையான சந்தோஷம் தோன்றிற்று. இத்தனை நாள் இத்தனை பேருக்குக் காட்டியும் அந்தப் பூனை அவருக்கு அலுக்கவில்லை. இவையெல்லாம் மாமல்லன் காலத்தவையா, பல அரசர்களின் காலத்தவையா, அல்லது 1962இல் தொல்லியல் அறிஞர் நாகசாமி வாதித்தபடி முழுவதுமே ராஜசிம்மனுடைய கைங்கரியமா என்று நான் அவரைத் தனியாகக் கேட்டேன். அவர் பதவிசாக, "சார், கூட்டத்துக்கு ஒரு ராஜா பேர் சொன்னாப் போதும், மூணு சொன்னா ஒண்ணும் நிக்காது" என்றார். அதுவும் சரியே. கல்கி 1944இல் எழுதத் தொடங்கிய சிவகாமியின் சபதம் எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பாறைகளின் ஏக சரித்திரமாக இருக்கிறது! ஆயனச் சிற்பியின் வீடு எந்தப் பக்கம் என்று எங்கள் கூட்டத்திலேயே திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த ஒரு மாமி கேட்டாள்; அவர் இல்லை என்று சொல்லாமல், "இந்தப் பக்கமெல்லாம்தான்" என்று கையை வீசிக் காட்டினார்.

இந்தத் திருச்சி மாமியையும் வழிகாட்டியையும் நினைக்கும்போதெல்லாம், தனியே வந்திருந்தால் நான் இதைக் காட்டிலும் அதிகமாக எதைப் பார்த்திருப்பேன் என்ற கேள்வி எழுகிறது. கல்லூரி நாட்களில் சிநேகிதர்களோடு இதே ஊருக்கு வந்து, எவருடைய வியாக்கியானமும் இல்லாமல், எந்த மண்டபத்துக்கு எது பெயர் என்ற ஞானமும் இல்லாமல், வெயிலில் சுற்றி அலைந்து, கடைசியில் ஞாபகத்தில் நின்றது இளநீரின் விலை ஒன்றுதான். சுதந்திரமாகப் பார்ப்பவனுக்கும் கண் தானாகத் திறந்துவிடுவதில்லை. பேருந்துக் கூட்டத்தில் ஒருவனாக வந்த அன்று, ஐந்து ரதங்களில் சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகைப்போல் வளைந்திருப்பதையும், அதன் பக்கத்திலேயே ஒரு நிஜ அளவுக் கல் யானையை நிறுத்தி, கட்டடத்துக்கு உவமானத்தைச் சிற்பியே எடுத்து வைத்திருப்பதையும், வழிகாட்டி சுட்டிக்காட்டியதனால்தான் கண்டேன். ஆகையால் என் உறுத்தல் அவரைப் பற்றியது அன்று. அவசரத்தைப் பற்றியதும் அன்று என்றே படுகிறது. ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் பாதியில் விடப்பட்ட வேலையாக, உளித் தழும்புகளோடு, பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இல்லாமல் நிற்கின்றன. எந்தப் பேருந்தும் அங்கே போவதில்லை. ஆனால் போனாலும் அவையும் பத்து நிமிஷ ஜாபிதாவில் சேர்ந்துவிடும். அவற்றின் தனிமை கெடும். எனக்கு இன்னொரு திருப்தி கூடும். அவ்வளவே.

கடலில் முழுகிப்போன ஆறு கோயில்களைப் பற்றிச் சொல்லாமல் எந்த வழிகாட்டியும் கடற்கரைக் கோயிலுக்கு அழைத்துப்போவதில்லை. ஏழு கோயில்கள் என்பது மாலுமிகள் இந்த இடத்துக்கு வைத்த பெயர். வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்து பார்த்து, ஊராரிடம் கேட்டு எழுதிய கட்டுரை 1788இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. அதிலிருந்து எடுத்துக்கொண்ட ஆழ்கடல் நகரத்தை, இந்தியாவின் கரையையே கண்ணால் பார்த்திராத ராபர்ட் ஸௌத்தி என்ற ஆங்கிலக் கவிஞர், 1810இல் வெளியான தம் காவியத்தில் அலைகளுக்கடியில் கட்டி எழுப்பினார். எங்கள் வழிகாட்டி இந்தக் கதையைச் சொன்ன விதத்தில் அதற்கு ஒரு புதிய அத்தியாயமும் சேர்ந்திருந்தது: 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன்னால் கடல் பின்வாங்கியபோது, மணலுக்கடியில் வரிசையாகக் கற்கள் தெரிந்ததாகக் கண்டவர்கள் சொன்னார்கள் என்பது. பின்னர் சாளுவன்குப்பத்தில், பேரலை அலசிவிட்ட பாறையில் தென்பட்ட கல்வெட்டுக்களை வைத்துக்கொண்டு தோண்டியதில், செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது நிஜம். 2002இலேயே கடலுக்கடியில் இறங்கிப் பார்த்தவர்கள் கட்டுமானத்தின் சிதைவுகளைக் கண்டதும் நிஜம். ஆறு கோயில் என்ற எண்ணிக்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் துணிய மாட்டேன். கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் புத்தி வேறொரு இடத்தில் தங்கிவிட்டது. முழுகிய கோயில்களின் கணக்கைத் தொடங்கிவைத்தவர்கள் தரைவழியாக வந்தவர்கள் அல்லர். தண்ணீரின் மேலிருந்து கரையைப் பார்த்துக்கொண்டு போனவர்கள். திருமங்கையாழ்வாரும் இத்துறையில் பொருள் சுமந்த மரக்கலங்கள் இயங்குவதைப் பாடியிருக்கிறார். கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் மகிஷமர்த்தினி குகைக்கு மேலே நிற்கும் சிவன் கோயிலின் உச்சியிலேயே முன்பு விளக்கேற்றினார்கள். எல்லாம் கடலிலிருந்து பார்க்கிற கண்களுக்காக.

கடற்கரைக் கோயிலில் கருவறைகள் மூன்று. நடுவில், மற்ற இரண்டுக்கும் முற்பட்டதாகச் சொல்லப்படும் பாறையில், சயனித்திருக்கும் திருமால். அவருக்கு இருபுறமும் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எடுப்பித்த இரண்டு சிவாலயங்கள்: சிறியது மேற்கு நோக்கியது, பெரியது கிழக்கு நோக்கியது. பேருந்து நிற்குமிடத்திலிருந்து புல்தரை வழியே நடந்து வருகிறவர்களைச் சிறிய சன்னதிதான் முதலில் எதிர்கொள்கிறது. புகைப்படங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. சுற்றிக்கொண்டு கிழக்கே போனால், பட்டை தீட்டிய கரிய லிங்கம் மேற்பகுதி உடைந்த நிலையில், பின்சுவரில் சோமாஸ்கந்தரோடு, நேரே சமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிரே அலையைத் தடுப்பதற்காகக் கொட்டிய கருங்கற்கள். காற்றின் உப்பு தின்று தின்று, சுவரில் இருக்கும் சிற்பங்களுக்கு மூக்கும் விழியும் கரைந்து, நெடுநாள் வாயில் அடக்கிய கற்கண்டைப்போல் ஆகியிருக்கின்றன. நிலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு சிறிய வாசலும் கடலில் வருகிறவர்களுக்குப் பெரிய வாசலுமாக அந்த அரசன் திட்டமிட்டான் என்று சொன்னால் ஆகம சாஸ்திரம் அறிந்தவர்கள் என்னைக் கண்டிப்பார்கள். கிழக்கு நோக்கிய சன்னதி எந்த ஊரிலும் உண்டு. எங்கள் திருவல்லிக்கேணியிலேயே பார்த்தசாரதி கிழக்கு நோக்கியும் தெள்ளியசிங்கர் மேற்கு நோக்கியும் தனித்தனிக் கொடிமரத்தோடு எழுந்தருளியிருக்கிறார்கள். தந்திவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு அங்கேயும் உண்டு. பிறந்தது முதல் இரண்டு சன்னதிகளிலும் நின்று சேவித்து வந்தவனுக்கு, ஒன்று கடலைப் பார்க்கிறது என்பது ஒருநாளும் தோன்றவில்லை. நடுவில் வீடுகளும் சாலையும் மைதானமும் வந்துவிட்டன. உடைந்த லிங்கத்தின் முன்னால் நின்றபோதுதான் அது தோன்றிற்று. அதன் பார்வை விழுகிற இடத்தில் நாங்கள் ஒருவரும் இல்லை. அங்கே நிற்பதற்கு வழியும் இல்லை. பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தூர்க்காரரும் நானும் பேருந்தின் ஊதுகுழல் கேட்டுத் திரும்பினோம். அன்றைக்கு முழுவதும் கடற்கரையைப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாங்கள், அதன் முதுகையும் விலாவையும் பார்த்துக்கொண்டே போய் வந்திருக்கிறோம் என்றால், நான் அடைந்த அந்தப் பரிபூரண திருப்தி எதனால் உண்டாயிற்று? முகத்தைப் பார்த்தவன்கூட அவ்வளவு திருப்தி அடைவானா?

கொஞ்ச நாளைக்குப் பின் நடுக்குப்பத்து மீன்காரர் ஒருவரிடம், சாயங்காலம் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த விஷயத்தை வேறு மாதிரியாகக் கேட்டேன்: நடுக்கடலில் நேற்றைக்கு மீன் பட்ட இடத்தை இன்றைக்கு எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போதெல்லாம் ஜி.பி.எஸ். இருக்கிறது என்றார் முதலில். அப்புறம், கையிலிருந்த நரம்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அவருடைய அப்பா காலத்து முறையைச் சொன்னார். கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒரே நேர்கோட்டில் வரும்படி படகை நிறுத்திக்கொள்வது. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்களை அதேபோல் சேர்த்துக்கொள்வது. இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடம் அந்த இடம். மெரினாக் கலங்கரை விளக்கம், சாந்தோம் மாதா கோயிலின் கூம்பு, 1959இல் கட்டியபோது ஊரையே அண்ணாந்து பார்க்கச் செய்த எல்.ஐ.சி. கட்டடம் என்று அவர் வரிசைப்படுத்தினார். எந்தக் கட்டடமும் தனியாக நின்றால் அவருக்கு உபயோகம் இல்லை; ஒன்றுக்குப் பின்னால் மற்றொன்று எப்படி ஒளிகிறது, எப்போது வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. சற்று வடக்கே போனால் மாதா கோயில் நகர்ந்துவிடுமாம். நான் ஒரு நாள் முழுவதும் பேருந்தில் போய்ப் பார்த்தவை எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. எதுவும் எதற்குப் பின்னாலும் நகரவில்லை. கடலுக்குள்ளிருந்து எங்கள் தெரு எப்படி இருக்கும், கோபுரம் தெரியுமா, எதன் பின்னால் மறையும், எதைத் தாண்டினால் வெளியே வரும் என்று கேட்டேன். "கோபுரம் எங்க சார் தெரியுது, காலேஜும் ஆபீஸும் மறைச்சுக்கினு கீது. இன்னும் கொஞ்சம் உள்ள போனா ஒருவேளை தெரியும், நான் அதைப் பாத்ததில்லை" என்றார். என்னை ஒரு நாள் அழைத்துக்கொண்டு போக முடியுமா என்றேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே யோசித்தார். வயிற்றைப் புரட்டும் என்றார், போலீஸ்காரர்கள் கண்ணில் பட்டால் தொந்தரவு என்றார், பிறகு, ஃபைபர் படகில் எத்தனை பேர் உட்காரலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தவராக நிமிர்ந்து, "ஒரு ஆளை வெச்சுக்கினு போனா டீசலுக்குக் கட்டுப்படி ஆவாது சார். ஏழெட்டுப் பேராச் சேத்துக்கினு வாங்க, காலைல போய்ட்டு வெயில் ஏர்றதுக்குள்ள வந்துரலாம். எது எது இன்னான்னு நானே சொல்லிக்கினு வர்றேன்" என்றார்.